பெலன் இல்லாத நாளில் வேதத்தை எப்படித் திறப்பது?

கேள்வி: ஐயா, எனக்கு 46 வயது. எட்டு மாதங்களுக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் செயலிழந்து பேச்சும் போய்விட்டது. "ம்... ம்..." என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். துடைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் நான்தான். இதற்கு முன்பு தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதம் வாசிப்பேன். ஓராண்டில் முழு வேதாகமத்தையும் வாசிக்கும் அட்டவணையை வைத்து மூன்று தடவை முடித்திருக்கிறேன். இந்த முறை லேவியராகமத்தோடு நின்றுபோனது. இப்போது திறந்தால் எழுத்து ஓடுகிறது, உள்ளே ஒன்றும் போவதில்லை. பாதியில் தூங்கிவிடுகிறேன். கைப்பேசியில் காலைதோறும் வாக்குத்தத்த வசனங்கள் வந்து குவிகின்றன. எல்லாவற்றுக்கும் "ஆமென்" போடுகிறேன். பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் ஒன்றுகூட நினைவில் இருக்காது. சபையில் ஒரு அம்மா, "வேதத்தை விட்டுவிட்டாய், அதனால்தான் வீட்டில் இப்படி" என்றார். அன்றிரவு பயந்துபோய், "ஆண்டவரே, நீரே பேசும்" என்று கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்தேன். உபாகமம் 28-ம் அதிகாரத்தில், சாபங்கள் வரிசையாக வருகிற இடம். மூன்று வாரமாக வேதத்தைத் தொடவே கை நடுங்குகிறது. வேதம்தான் அனுதின பெலன் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். வேதம் வாசிக்காததால் எனக்குப் பெலன் போனதா, பெலன் போனதால் வாசிக்க முடியவில்லையா? நான் செய்வது பாவமா?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மீதியை உங்களால் நிம்மதியாக வாசிக்க முடியாது. பெலன் போனதால்தான் உங்களால் வாசிக்க முடியவில்லை. இது பாவம் இல்லை. எட்டு மாதமாக ஒரு இரவுகூட முழுதாகத் தூங்காத கண்ணுக்கு எழுத்து ஓடத்தான் செய்யும். வேதம் மட்டுமா, மருந்துச்சீட்டை எடுத்தாலும் இப்போது நீங்கள் ஒரே வரியை மூன்று முறை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். மருத்துவமனைகளில் போதகராகப் பல வருடம் ஊழியம் செய்திருக்கிறேன். கட்டிலில் இருப்பவரைவிட, பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் பல நாள் கவலைப்பட்டிருக்கிறேன்.

எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் அவ்வளவு பெரிய காரியம் நடந்து முடிந்த கையோடு அவர் வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்கிறார். உயிரோடு இருக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. தூதன் வந்து ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை, உபதேசமும் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். எலியா சாப்பிடுகிறார், திரும்பப் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தரமும் தட்டி எழுப்பி அதையே சொல்லி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான். அமர்ந்த மெல்லிய சத்தத்தை எலியா கேட்டது இதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பின்தான். தூக்கமும் சாப்பாடும் முதலில் வந்தன. இந்த வரிசையை எழுதி வைத்தது வேதம்தான்.

ஆகவே முதல் வேலையாக, வாரத்தில் இரண்டு இரவாவது உங்கள் இடத்தில் விழித்திருக்க ஒருவரைக் கேளுங்கள். உறவில் யாருமில்லை என்றால் சபையில் கேளுங்கள், போதகரிடமே கேளுங்கள். "ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "செவ்வாய் இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை யாராவது வர முடியுமா" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால்தான் ஆள் கிடைக்கும், இது என் அனுபவம். அப்புறம், உங்கள் கணவரைப் பார்க்கிற மருத்துவரிடம் அடுத்த முறை உங்களைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள். தூக்கம் கெடுவது, எதிலும் மனம் ஒட்டாதது, எதற்கெடுத்தாலும் நம்மையே குற்றப்படுத்திக்கொள்வது, இவையெல்லாம் மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து தேவைப்பட்டால் எடுத்துக்கொள்வது விசுவாசக் குறைவு ஆகாது. பவுல் தன் கூட இருந்த லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றுதான் எழுதுகிறார்.

சரி, இனி அந்த உபாகமம் 28. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். நானும் அந்த அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காலையில் எப்போது சாயங்காலம் வரும் என்றும், சாயங்காலத்தில் எப்போது விடியும் என்றும் ஏங்குவாய் என்று அதில் ஒரு வசனம் வருகிறது. இரவெல்லாம் விழித்திருக்கிற ஒரு பெண்ணின் விரல் அதற்குப் பக்கத்தில் விழுந்தால், "இது எனக்குத்தான்" என்று தோன்றாமல் எப்படி இருக்கும்?

உங்கள் விரல் ஏன் அங்கே விழுந்தது என்று முதலில் பார்ப்போம். மூன்று முறை முழுதாக வாசித்த வேதம் அது. எங்கே அதிகம் விரிந்து பழகியிருக்கிறதோ அங்கேதான் தாள்கள் தானாக விலகும். கடைசியாக வாசித்தது லேவியராகமம். அடையாள நூலும் அங்கேயே கிடந்திருக்கும். உபாகமம் அதற்குக் கொஞ்சம் தாள்கள் தள்ளி இருக்கிறது. உங்கள் வேதத்தின் தையல் செய்த வேலையைக் கர்த்தர் செய்ததாக நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்து, அந்த வார்த்தைகள் யாருக்குச் சொல்லப்பட்டவை? யோர்தானைக் கடந்து கானானுக்குள் போகும் முன், மோவாப் சமவெளியில், மோசே இஸ்ரவேல் ஜனம் முழுவதையும் கூட்டி வைத்துப் பேசிய பேச்சு அது. அந்தக் காலத்தில் பேரரசர்கள் சிற்றரசர்களோடு உடன்படிக்கை செய்யும்போது, முடிவில் ஆசீர்வாதங்களையும் சாபங்களையும் எழுதுவார்கள். உபாகமமும் அதே அமைப்பில்தான் வருகிறது. 28-ம் அதிகாரத்தில் 68 வசனங்கள். முதல் 14 ஆசீர்வாதம், மீதி சாபம். கர்த்தரை விட்டு வேறு தேவர்களின் பின்னால் போகிற ஒரு தேசத்துக்கு விடுத்த எச்சரிக்கை அது. கணவரை இரவு பகலாகத் தாங்கிக்கொண்டு, தூக்கக் கலக்கத்திலும் "ஆண்டவரே, நீரே பேசும்" என்று கேட்கிற மகளுக்கு எழுதிய கடிதம் இல்லை. அதே மோசே இரண்டு அதிகாரம் தள்ளி, சிதறிப்போன ஜனத்தைக் கர்த்தர் திரும்பச் சேர்த்துக்கொள்வார் என்கிறார். விரல் நின்ற இடத்தில் நீங்களும் நின்றுவிட்டீர்கள், மோசே அங்கே நிறுத்தவில்லை. கிறிஸ்தவர்களாகிய நாம் இன்னொன்றையும் சேர்த்து வாசிக்கிறோம். "கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்திற்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார்" என்று கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. உபாகமத்தைத் திரும்ப எடுக்கும் நாளில் இந்த வரியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அதிகாரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கண்ணை மூடி விரல் வைப்பதை மட்டும் இனி விட்டுவிடுங்கள். அப்படித் திறந்து ஆறுதல் பெற்றவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு பழக்கமாகிவிட்டால் வேதம் குறி கேட்கிற சீட்டுக்கட்டு மாதிரி ஆகிவிடுகிறது. நல்ல சீட்டு வந்தால் அன்றைக்குச் சந்தோஷம், கெட்ட சீட்டு வந்தால் மூன்று வாரம் நடுக்கம். நம் வேதத்தில் இருக்கிற எண்கள் பிற்காலத்தில் வந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். அதிகாரப் பிரிவு வந்தது 13-ம் நூற்றாண்டில். புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன எண்களை இட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர், 1551-ல். அதற்கு முன் வாழ்ந்த விசுவாசிகளுக்கு எண் போட்டுத் தனியாக எடுக்கிற வசனம் என்று ஒன்று கிடையாது. கடிதத்தைக் கடிதமாகவும், சங்கீதத்தைச் சங்கீதமாகவும், சம்பவத்தை ஆரம்பம் முதல் முடிவு வரையும் கேட்டார்கள்.

கைப்பேசியில் வருகிற வாக்குத்தத்தங்களுக்கும் இதையேதான் சொல்வேன். அவை இனிப்பாக இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். சூழலிலிருந்து அறுத்து எடுத்த சாப வசனம் உங்களைப் பயமுறுத்துகிறது, அதே மாதிரி அறுத்து எடுத்த ஆசீர்வாத வசனம் உங்கள்மேல் ஒட்டாமல் வழுக்கிப் போகிறது. அதிகம் அனுப்பப்படும் வசனங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எரேமியா 29:11. கர்த்தர் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். உங்களுக்கும் இந்த எட்டு மாதத்தில் எத்தனையோ முறை வந்திருக்கும்.

அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன், இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அறிவிக்கிறான். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எரேமியாவின் கடிதமோ எழுபது வருடம் என்கிறது. அதுவரை என்ன செய்வது? "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள். இவ்வளவையும் சொன்ன பிறகுதான் அந்தப் பிரபலமான வசனம் வருகிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அது சொல்லப்பட்டது.

இப்போது உங்கள் வீட்டிலிருந்து அந்தக் கடிதத்தை வாசித்துப் பாருங்கள். "சீக்கிரம் எழுந்து நடப்பார், விசுவாசியுங்கள்" என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். அப்படி நடந்தால் உங்களோடு சேர்ந்து நானும் கர்த்தரைத் துதிப்பேன். ஆனால் உங்களுக்கு இன்றைக்கு வேண்டிய பெலன் அந்தக் கடிதத்தின் ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது. இது கொஞ்ச காலம் நீடிக்கலாம், நீடித்தாலும் இந்த இடத்திலேயே வாழலாம், கர்த்தர் இந்த இடத்திலும் நம்மை நினைக்கிறார். கட்டில் போட்ட அந்த அறையை, எப்போது விட்டு வெளியே வருவோம் என்று காத்திருக்கிற அறையாக நினைக்காமல், இப்போதைக்குக் குடியிருக்கிற வீடாகப் பார்க்க முடிகிறதா? ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போட முடியுமா? இப்படிச் சின்ன விஷயத்தில்தான் அந்த வசனம் கைக்கு வரும். முழுக் கடிதத்தையும் வாசிக்காமல் ஆமென் போட்டால் இது ஒன்றும் கிடைக்காது. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் வசனத்தையும் அதற்கு முந்தின இரண்டு வசனத்தோடு வாசியுங்கள். பவுல் அதைக் கட்டப்பட்டவராகக் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். அவர் சொல்லும் "எல்லாவற்றையும்" என்பதற்குள் பட்டினியும் இருக்கிறது.

குழுக்களிலிருந்து வருகிற வசனங்களின் ஒலியை நிறுத்தி வையுங்கள். யாரையும் புண்படுத்த வேண்டாம், வெளியேறவும் வேண்டாம். காலையில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவ்வளவுதான்.

சபையில் அந்த அம்மா சொன்னதற்கு நீண்ட பதில் தேவையில்லை. நீங்கள் வாசிப்பை விட்டது கணவர் விழுந்த பிறகு. காரணம் எது, விளைவு எது என்பதையே அவர் மாற்றிப் பிடித்துவிட்டார். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களிடம், அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு சொல்லியிருக்கிறார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அந்த அம்மாவும் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். முடிந்தால் அதைக் கேளுங்கள். மனக்கசப்போடு கேட்க வேண்டாம். இப்படிப் பேசுகிறவர்கள் பல நேரம் பயத்தில் பேசுகிறார்கள். தங்கள் வீட்டுக்கு அப்படி வராமல் இருக்க ஒரு காரணம் தேவைப்படுகிறது.

அடுத்து அந்த ஓராண்டு அட்டவணை. நமது வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் ஆகிறது. நல்ல பழக்கம்தான். ராபர்ட் மரே மெக்ஷைன் என்ற இளம் போதகர் 1842-ல் தன் சபைக்கென்று தயாரித்த அட்டவணையை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். நீங்கள் மூன்று முறை முடித்திருப்பது பெரிய செல்வம், அது எங்கும் போய்விடவில்லை. ஆனால் பத்து நாள் தவறினால் முப்பத்திரண்டு அதிகாரம் பாக்கி. எட்டு மாதம் தவறினால்? வேதத்தைத் திறக்கும்போதே கடன்காரன் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்த அட்டவணையை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். தள்ளிப்போடச் சொல்லவில்லை, ரத்து செய்யச் சொல்கிறேன்.

இதற்கு வேத ஆதாரம் கேட்டால் மன்னாவைக் காட்டுவேன். யாத்திராகமம் 16. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த அந்த அப்பம், தலைக்கு ஒரு ஓமர் அளவு. அதிகம் பொறுக்கினவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் பொறுக்கினவனுக்குக் குறையவில்லை. நாளைக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்தவனுக்கு அது பூச்சிபிடித்து நாறிப்போனது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு பங்கு, ஏனென்றால் மறுநாள் ஓய்வு. அந்த அதிகாரம் முழுவதையும் தேடிப் பாருங்கள், நேற்று தவறவிட்டதையும் இன்று சேர்த்துப் பொறுக்கு என்று கர்த்தர் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைய பங்கு இன்றைக்கு. அனுதின பெலன் என்று நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, அந்த "அனுதின" என்ற வார்த்தைக்கு இதுதான் பொருள் என்று நினைக்கிறேன். உங்கள் இன்றைய ஓமர் ஆறு வசனமாக இருக்கலாம். ஒரு வசனமாகவும் இருக்கலாம்.

அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலாம் சங்கீதம், இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷனைப் பற்றிப் பேசுகிறது. தியானம் என்றதும் கண்ணை மூடி அசையாமல் உட்காருவதை நினைக்கிறோம். உங்களுக்கு அது நடக்காது, உட்கார்ந்தால் தூங்கிவிடுவீர்கள். ஆனால் எபிரெயத்தில் அங்கே இருக்கிற வினைச்சொல் "ஹாகா". இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும், புறா முனகுவதற்கும் ஏசாயாவின் புத்தகத்தில் இதே சொல்தான் வருகிறது. வாய்க்குள் முணுமுணுப்பது என்று சொல்லலாம். துணி மாற்றும்போதும், முதுகில் பவுடர் போடும்போதும், மருந்து கலக்கும்போதும் முணுமுணுக்கலாமே! ஐந்து மணிக்கு எழுந்து மேஜை முன் உட்கார முடிந்த காலத்தில் நீங்கள் வாசித்தீர்கள். இப்போது உங்களுக்குக் கிடைத்திருப்பது முணுமுணுக்கிற காலம். இது இரண்டாம் தரமான வழி இல்லை. சங்கீதக்காரன் சொன்னதே இதைத்தான்.

ஜெர்மனியில் டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற போதகர் 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் ஊழியத்துக்கான மாணவர்களைப் பயிற்றுவித்தார். தினமும் காலையில் அரை மணி நேரம் வேத தியானம். ஒரு வாரம் முழுவதும் அதே சின்னப் பகுதிதான். 1943-ல் நாஜி அரசு அவரைக் கைது செய்தது. பல ஆண்டு வழக்கப்படியே சங்கீதங்களைத் தினமும் வாசிக்கிறேன் என்று சிறையிலிருந்து பெற்றோருக்கு எழுதினார். 1945 ஏப்ரல் 9-ம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். சிறைக்குப் போன பிறகு தேடிக்கொண்ட பழக்கம் இல்லை அது. நீங்களும் மூன்று முறை விதைத்து முடித்துவிட்டுத்தான் இந்த வறட்சிக்குள் வந்திருக்கிறீர்கள்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். உங்கள் கணவரைப் பற்றி வாசித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான். பக்கவாத வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். உங்கள் கணவரைப் போலவே வலது பக்கமும் பேச்சும் போயிருந்தது. தண்ணீர் என்ற சொல்கூட வராது. மனைவியைக் கூப்பிடவும் அதே ஒற்றைச் சத்தம்தான். ஒரு மாலை நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறக்காமல், "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஆரம்பித்தேன். மெதுவாகத்தான் சொன்னேன். "நான் தாழ்ச்சியடையேன்" என்று வந்தபோது எனக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் கேட்டது. கரகரவென்று, பாதி எழுத்து உடைந்து, ஆனால் வார்த்தை தப்பாமல். மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" வரைக்கும் அவர் கூடவே வந்தார். அதற்குப் பிறகு அழுகை வந்து நின்றுவிட்டது.

மருத்துவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். யோசித்துப் பேசும் திறன் போன பிறகும் சிலருக்குப் பாட்டு, எண்ணிக்கை, மனப்பாடமாகத் தெரிந்த ஜெபம் போன்றவை வாயில் வரும். எல்லாருக்கும் வரும் என்று சொல்ல முடியாது. அந்தப் பெரியவருக்கும் அதனால் பேச்சு முழுதாகத் திரும்பிவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் மனைவி தினமும் சாயங்காலம் அந்தச் சங்கீதத்தை ஆரம்பித்துக் கொடுப்பார். வீட்டில் கணவன் மனைவி பேசிக்கொள்ள முடிந்த ஒரே பேச்சு அதுதான்.

அன்றைக்குப் பிறகுதான் அந்தச் சங்கீதத்தில் ஒன்றைக் கவனித்தேன். முதல் மூன்று வசனங்களில் தாவீது கர்த்தரைப் "பற்றி"ப் பேசுகிறார்: அவர் மேய்க்கிறார், அவர் கொண்டுபோய் விடுகிறார், அவர் தேற்றுகிறார். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு மாறுகிறது. "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று நேருக்கு நேர் பேச ஆரம்பித்துவிடுகிறார். வேதம் கொடுக்கிற பெலன் எதில் இருக்கிறது என்று நீங்கள் என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அந்த எழுத்துகள் நம்மை ஒருவரிடம் கொண்டுபோய் விடுகின்றன. வேதவாக்கியங்கள் என்னைக்குறித்துச் சாட்சி கொடுக்கின்றன என்று இயேசுவே சொன்னார். சிலுவையில் தொங்கும்போது அவர் கையில் எந்தச் சுருளும் இல்லை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற இருபத்திரண்டாம் சங்கீதம்தான் வாயில் வந்தது.

ஆகவே உங்களுக்கு நான் கொடுக்கிற முதல் பகுதி துதியின் சங்கீதம் இல்லை. பதின்மூன்றாம் சங்கீதம். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. இப்படிக் கேட்பதை அவிசுவாசம் என்று நினைத்து நீங்கள் எட்டு மாதமாக அடக்கி வைத்திருப்பீர்கள். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்காவது இப்படிப் புலம்புகிறவைதான். 88-ம் சங்கீதம் கடைசி வரை ஒரு வெளிச்சமும் காட்டாமல், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அழுகிறவருக்கும் வேதத்தில் வார்த்தை இருக்கிறது. 13-ம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்கள் நம்பிக்கைக்கும் பாட்டுக்கும் திரும்புகின்றன. உங்களால் அங்கே போக முடியாத நாளில் நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் திரும்ப முதலிலிருந்து.

ஒரு வாரம் இதே சங்கீதம்தான். இரவில் அவரைப் புரட்டிப் போட்ட பிறகு, அவருடைய இடது பக்கம் உட்காருங்கள். பக்கவாதத்தில் சிலருக்குச் செயலிழந்த பக்கத்துப் பார்வையும் மங்கியிருக்கும், இடது பக்கம் இருந்தால் உங்கள் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். சத்தமாக வாசியுங்கள், ஒவ்வொரு வரிக்கும் மூச்சு விட்டு. அவர் எட்டு மாதமாக ஒரு கேள்வியும் வாய்விட்டுக் கேட்க முடியாமல் படுத்திருக்கிறார், "எதுவரைக்கும்" என்ற கேள்வி அவருடையதும்தான். கை நடுங்கினால் புத்தகத்தை எடுக்க வேண்டாம், சங்கீதத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முடியாத இரவில் கைப்பேசியில் ஒலிவடிவ வேதாகமத்தைப் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் அதிகாரத்தில், "வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்" பாக்கியவான்கள் என்று இருக்கிறது. வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். பெரும்பாலான விசுவாசிகள் கையில் சொந்தமாக வேதம் இல்லாமலே நூற்றாண்டுகள் கடந்திருக்கின்றன. யாரோ வாசிக்க, கேட்டுக் கேட்டே வாழ்ந்தார்கள். உங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் ஒருவரை வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து வாசிக்கச் சொல்லலாம். நீங்கள் சொல்லிக்கொடுத்தது உங்களிடமே திரும்பி வரட்டும்.

இரண்டாம் வாரம் இருபத்திமூன்றாம் சங்கீதத்துக்கு வாருங்கள். உங்கள் கணவர் சிறுவயதில் படித்திருக்கக்கூடிய அதே பழைய வார்த்தைகளில் சொல்லுங்கள், புதிய மொழிபெயர்ப்பு வேண்டாம். முதல் வரியைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அவர் உதட்டைப் பாருங்கள். அசையாவிட்டால் நீங்களே முடியுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. சங்கீதங்கள் முடிந்தால் மாற்கு சுவிசேஷத்தின் ஒரு சம்பவம், எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு. லேவியராகமம் காத்திருக்கட்டும்.

ஒரு மாதம் கழித்து எனக்கு இரண்டு விஷயம் எழுதுங்கள். செவ்வாய் இரவுக்கு ஆள் கிடைத்தாரா? உங்கள் கணவரின் உதடு அசைந்ததா?

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரன்